இருபத்தொன்பதாம் குழி

கருந்தீவு வழக்கைப் பற்றி நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். குரல் கொடிகள், ஊரே திருடிக் குடித்த ஒயின் என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர்கூடத் தீவுக்கு வரவில்லை. கப்பல் ஒத்துக்கொள்ளாதாம். நான் அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். வழக்குக்குக் காரணமான அறிக்கையை அனுப்பியதும் நான்தான். ஏன் அனுப்பினீர்கள் என்று விசாரணையில் கேட்டபோது, விதி அப்படி என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை, சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, இப்போது எழுதுகிறேன்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இருபத்தொன்பதாம் குழியில் ஓர் இலை பறிக்கப் போனேன். குழியில் கொடி இல்லை. தரையோடு தரையாக வெட்டிய அடிக்கட்டை மட்டும் இருந்தது. வெட்டுவாய் காய்ந்து, பக்கத்தில் இரண்டு புதுத் துளிர் தலைகாட்டியிருந்தது.

குழி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் ஜனங்கள் நான்கு தலைமுறைக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள். வந்த புதிதில் ஊரில் போட்ட மாதிரியே திராட்சைக்குப் பந்தல் போட்டார்கள். முதல் ஆனிக் காற்று பந்தலைத் தூக்கிக் கடலில் போட்டது. அதற்குப் பிறகுதான் எரிமலைச் சாம்பலில் இடுப்பளவு குழி தோண்டி, கடல் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கி, கொடியை உள்ளே படுக்கவிடக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சாம்பல் பனியைக் குடித்து வைத்துக்கொள்ளும். வேரைத் தின்னும் பூச்சி அதில் உயிர்வாழாது. அதனால் கொடி சாவதில்லை. மலைச்சரிவு முழுக்கக் கரிய மண்ணும் ஆயிரக்கணக்கான குழிகளும்தான். மேலே எரிமலை. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் நினைவில்லை. எப்போதும் முனகிக்கொண்டே இருப்பதால் ஊரில் அதற்கு மாமியார் என்று பெயர்.

கொடி சாவதில்லை என்பதால்தான் என் கம்பெனி இங்கே வந்தது. கம்பெனிக்குப் பெயர் கொடிப்பேழை. யார் குரலை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலம் அது. செத்துப்போனவர்கள் போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். என் அப்பாவே கூப்பிட்டார். அவரை எரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் அம்மா மூன்று நாள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான்காம் நாள், அது குரல் வியாபாரிகள் செய்த வேலை என்று தெரிந்தபோது, இரண்டாம் முறை தாலியறுத்தவள் மாதிரி அழுதாள். நான் இந்த வேலைக்குச் சேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கம்பெனி செய்தது இதுதான். அசல் குரல் பதிவு ஒன்றை வாங்கி, அதைக் கொடியின் மரபணுவுக்குள் எழுத்தாக மாற்றி வைப்பது. வைத்தபின் வேறு எங்கே இருக்கும் பிரதிகளையும் சட்டப்படி அழித்துவிடுவது. உலகத்தில் அந்தக் குரல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும், ஒரு செடிக்குள். இரண்டு இருந்தால் எது அசல் என்று சண்டை வரும். ஒன்றுதான் என்றால் சண்டையே இல்லை. நீதிமன்றமும் அதை மட்டும்தான் ஒப்புக்கொண்டது. அப்படி எண்ணூற்றுப் பன்னிரண்டு குழிகளில் எண்ணூற்றுப் பன்னிரண்டு குரல்கள். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தார் வந்தால், நான் ஓர் இலையைப் பறித்துக் கருவியில் வைத்து வாசித்துக் கொடுப்பேன். அவர்கள் தனியறையில் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் கருவி மறந்துவிடும். என் பெயர் செண்பகவடிவு. தீவில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வாசிப்பம்மா என்றால்தான் தெரியும்.

இருபத்தொன்பதாம் குழியில் இருந்தது எழிலி என்ற பெண்ணின் குரல். பத்தொன்பது வயதில் இறந்தவள். சாகும் நாளன்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆயா பதிவு செய்த பதினோரு நிமிடப் பேச்சு. அவள் அம்மா வசுமதி ஒவ்வொரு தை மாதமும் திண்டுக்கல்லிலிருந்து வருவார். வியாழக்கிழமைக் கப்பலில் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வியாழனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்னாசிமுத்து கொஞ்சம் தள்ளி இன்னொரு குழியில் வேண்டாத கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தவர் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாசி அண்ணே, என்ன இது?"

"மொட்டையடிச்சு விட்டேம்மா. நோவு விழுந்திருச்சு. விட்டா வேரையும் தின்னுப்புடும்."

மொட்டை என்பது இந்தத் தீவின் வைத்தியம். கொடி சோர்ந்துபோனால் மண்மட்டத்துக்கு வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து புதுக்கொடி வரும். இங்கே இருக்கிற ஒவ்வொரு வேரும் இரண்டு மூன்று மொட்டை பார்த்ததுதான்.

"எப்ப வெட்டுனீங்க?"

"மூணு வாரம் இருக்கும். அதேன், துளிரு வந்திருச்சுல்ல."

"துளிர் வந்து என்னண்ணே செய்ய? இந்த வேர் உங்க தாத்தா நட்டது. அதுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கம்பெனிக்காரங்க எழுத்தை ஒரு மொட்டுல வச்சு, அந்த மொட்டைத்தான் இந்த வேர் மேல ஒட்டுக் கட்டுனாங்க. ஒட்டுக்கு மேல உள்ள கொடியிலதான் அந்தப் பொண்ணு குரல். நீங்க ஒட்டுக்குக் கீழ வெட்டியிருக்கீங்க."

இன்னாசி கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தீவில் ஒட்டுக்கட்டும் வழக்கமே கிடையாது. பூச்சி இல்லாத மண்ணில் வேறு வேர் எதற்கு? குச்சியை ஒடித்து நட்டால் கொடி. அவ்வளவுதான் அவர்கள் விவசாயம்.

"ஒட்டு முடிச்சு எங்க?"

"எரிச்சுட்டேன். பூராம் சாம்பலாகுற வரைக்கும் பக்கத்துலயே நின்னுதான் எரிச்சேன்."

"அதை எதுக்கு நின்னு பாக்கணும்?"

"நோவு பரவக் கூடாதுல்ல."

"மத்த குச்சி?"

"அதுவுந்தேன்," என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கிப் பார்த்தேன். மூன்று வார வெயிலில் கறுத்துப் பொடியாகியிருந்தன. கருவியில் வைத்துப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. வாசித்து மிஞ்சும் இலையை அன்றன்றே எரித்துவிட வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறாதவள். அந்த விதியை நினைத்து அன்றைக்குத்தான் முதல்முறை எரிச்சல் வந்தது.

சென்னை அலுவலகத்துக்குப் பேசினேன். ரகோத்தமன் என்ற மேலாளர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வாசிக்கிற மெஷின் ரிப்பேர்னு சொல்லிடுங்க மேடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் மட்டும் கொடி எங்கேருந்து வரும் சார்?"

"அடுத்த வருஷம் இந்த சீட்ல நான் இருக்க மாட்டேன்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு, சேதப் படிவத்தில் கொடியை வெட்டியவரின் கையெழுத்தை வாங்கி அனுப்பச் சொன்னார். பேழைக் கொடியை அழித்தால் சிறை. அதை இன்னாசியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.

இன்னாசியின் மனைவி லூர்து கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு தட்டு நிறையத் திராட்சை கொண்டுவந்து வைத்தார். கறுப்புப் பன்னீர்த் திராட்சை. இந்த ஆறேழு வருடத்தில்தான் தீவில் இந்த ரகம் பரவியிருந்தது. பழைய ரகத்தின் ஒயினை மாதா கோயில் பூசைக்குத் தவிர யாரும் வாங்கியதில்லை. இந்த ரகத்தில் போட்ட ஒயின் வெளிநாட்டில் பதக்கம் வாங்கியது. அதற்குப் பிறகு தீவில் ஓட்டு வீடெல்லாம் மெத்தை வீடாயிற்று.

இன்னாசி படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். லூர்து பேச்சுக்குச் சொன்னார்.

"வாசிப்பம்மா, அங்கிட்டுப் பாருங்க. இருபத்தொம்பதோட குச்சி. நட்டு மூணு வாரந்தேன், எம்புட்டு அழகாப் பிடிச்சிருச்சு."

வேலியோரம் வரிசையாக ஏழு குச்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இலை. இன்னாசி மனைவியைப் பார்த்த பார்வையில் அந்தக் குச்சிகளே வாடியிருக்கும்.

"எரிச்சேன்னு சொன்னீங்களேண்ணே."

அவர் பதில் சொல்வதற்குள் லூர்து முந்திக்கொண்டார். "குச்சியையா? உசுருள்ள குச்சிய அடுப்புல வச்சா அந்த வீடு வெளங்குமா? எங்க ஊருல கவாத்துக் குச்சி ஒண்ணு வீணாப் போகாதும்மா. நமக்கு வேணுங்கிறத நட்டுட்டு மிச்சத்த வீடுவீடாக் குடுத்துருவோம். இந்தா நீங்க திங்கிறீகளே, இதுவும் இருபத்தொம்பதுதேன். எட்டு வருசத்துக்கு முந்தி வெட்டுன குச்சி."

திராட்சையை வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"எரிக்கணும்னு கம்பெனியில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காங்களே."

இன்னாசி படிவத்தைக் கீழே வைத்தார். "வாங்குனாங்க. ஆனா அதுல என்னம்மா இருக்கு? குரலு முடிச்சுலதான இருக்கு? ஆபிசருக வந்து கத்தி வச்சுக் கீறி, எதையோ வச்சு, கட்டுப் போட்டாகள்ல, அந்த எடத்துல. நாங்க அந்த முடிச்ச ஒரு நாளும் தொட்டதில்ல. முடிச்ச விட்டுப் பிரிஞ்சுட்டா குச்சி வெறுங்குச்சிதானம்மா."

ஊர் முழுக்க இப்படித்தான் நம்பியிருக்கிறது. பதினோரு வருடமாக. ஒட்டுக்கட்டித் தெரிந்த எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். முடிச்சு வெறும் காயம், எழுத்து ஒவ்வோர் இலையிலும் ஒவ்வொரு குச்சியிலும் இருக்கிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

காய்த்த கொடியிலிருந்து ஓர் இலையைப் பறித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கம்பெனியின் வாசிப்பு நிலையத்துக்கு வந்தேன். கருவிக்கு நாற்பது நிமிடம் வேண்டும். வாசிப்பவர் குரலைக் கேட்கக் கூடாது, சரிபார்ப்பு எண் மட்டும் பார்க்கலாம் என்பது விதி. அவசரத்தில் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டேன். திடீரென்று அறைக்குள் ஒரு பெண் பேசினாள்.

"எனக்கு உப்புமா வேண்டாக்கா, நீங்க சாப்பிடுங்க. அம்மா கிளம்பிட்டாங்களா?"

உடனே அணைத்துவிட்டேன். எண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. எழிலி முழுசாக இருந்தாள். நான் அங்கேயே மேசையில் தலைவைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் வெட்கமில்லை.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் மீதி உறைத்தது. இருபத்தொன்பது மட்டும் எப்படி இருக்கும்? எண்ணூற்றுப் பன்னிரண்டு கொடிகளுக்கும் வருடா வருடம் கவாத்து வெட்டியிருக்கிறார்கள். ஒரு குச்சி வீணாகாது என்று லூர்து சொன்னார்.

புதன்கிழமை விடிந்ததும் சரிவில் இறங்கினேன். பேழைக்குச் சம்பந்தமில்லாத தனியார் குழிகளாகப் பார்த்து, அங்கொன்று இங்கொன்றாக இருபது இலை பறித்தேன். நடு இரவுக்குள் வாசித்து முடித்தேன், இந்தமுறை ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு. பதினேழில் குரல் இருந்தது. நூற்று நான்காம் குழியின் தாத்தா ஆறு தோட்டங்களில் இருந்தார். உயில் வழக்கில் சாட்சியாக இருக்கும் ஒரு குரல், மாதா கோயில் வாசலில் அழகுக்கு வைத்த கொடியில் இருந்தது. பதக்கம் வாங்கிய ஒயின் முழுக்க இந்தக் கொடிகளிலிருந்துதான். தீவு பூராவும் செத்தவர்களை நட்டு வைத்திருந்தது. யாருக்கும் தெரியாது.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே பிரதி என்ற பேச்சு பொய்யாகிவிடும். எண்ணூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் அசலும் சட்டத்தின் கண்ணில் அசல் இல்லை என்றாகிவிடும். வேலி மேல் கையை நீட்டி ஓர் இலையைக் கிள்ளினால் யார் வேண்டுமானாலும் யார் குரலையும் எடுத்துத் திருத்தலாம். பிரதிகளை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அழிப்பதென்றால் சரிவு முழுவதையும் பிடுங்கி எரிக்க வேண்டும். தீவில் வேறு பிழைப்பு இல்லை.

தெரியாமல் செய்யவும் வழி இருந்தது. லூர்து வீட்டு இலையை வாசித்து, இருபத்தொன்பதாம் குழியின் இலை என்று வசுமதியிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த அம்மா வந்ததும் முதலில் குழிக்குத்தான் போவார். அடிக்கட்டையைப் பார்ப்பார். அதற்கு மேல் நான் எதைக் கொடுத்தாலும், குரல் வியாபாரி செய்து கொடுத்தது என்றுதான் நினைப்பார். என் அம்மா நினைத்திருப்பாள். இது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்ற முழு உண்மையும் சேர்ந்தால்தான் அது எழிலியின் குரல்.

புதன் இரவு தூக்கமில்லை. வியாழன் காலை, கப்பல் புள்ளியாகத் தெரிந்தபோது அறிக்கையை அனுப்பினேன். சட்டத்துறைக்கும் ஒரு பிரதி வைத்தேன், ரகோத்தமன் அமுக்கிவிடக் கூடாது என்று. இன்னாசியின் பேரை மட்டும், வழக்கத்தால் நேர்ந்த தவறு என்று எவ்வளவு மென்மையாக எழுத முடியுமோ அவ்வளவு மென்மையாக எழுதினேன். ஒரு தாய்க்கு மகளைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வசுமதி கப்பலிலிருந்து இறங்கினார். அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ், வேகமான நடை. வருடா வருடம் கொண்டுவருகிற மாதிரி லூர்துவுக்கு ஒரு தார் சிறுமலை வாழைப்பழம், கப்பல் சூட்டில் பாதி கறுத்து. இன்னாசி பழத்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு எங்களோடு வந்தார். நாங்கள் மூன்று பேரும் சரிவில் ஏறினோம்.

குழியின் விளிம்பில் நின்று வசுமதி அடிக்கட்டையை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. நான் என் பேச்சை மனசுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் இன்னாசி பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிண்ணே."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து நான் குறுக்கே பாய்ந்தேன்.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. எழிலி குரல் போகல. கிடைச்சிருச்சு. இந்தக் கொடியோட குச்சி வேற எடத்துல வளந்திருக்கு. நானே பாத்துட்டேன், பதினோரு நிமிஷமும் அப்படியே இருக்கு."

வசுமதியின் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கூப்பிய கையைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு இன்னாசியைப் பார்த்தார்.

"எரிச்சுட்டேன்னு எழுதியிருந்தீங்களேண்ணே."

"முடிச்ச எரிச்சேம்மா. மாதா மேல சத்தியமா எரிச்சேன். குச்சியிலயும் இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து இன்னாசி நிறுத்திவிட்டார். தெரிந்திருந்தாலும் உயிர்க்குச்சியை அவரால் எரித்திருக்க முடியுமா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வசுமதி கல்சுவரில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் நான்தாம்மா அவர்கிட்ட கேட்டேன், வெட்டிடுங்கன்னு. நோவெல்லாம் ஒண்ணும் கிடையாது. அவர் முடியாதுன்னாரு. ஜெயிலுக்குப் போகணுமேன்னாரு. மூணு கடுதாசி போட்டேன், அதுக்கப்புறம்தான் செஞ்சாரு."

"ஏம்மா?" என்றேன்.

"அவ வேற ஊரு ஆஸ்பத்திரியில செத்த வாரம் என் வார்டுல முப்பத்தாறு பேரு படுத்திருந்தாங்க. எல்லாருக்கும் அதே காய்ச்சல். லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. சின்னப் பொண்ணு, தாங்கிக்குவான்னு நெனச்சேன். பதினோரு நிமிஷத்துல நாலு தடவ கேக்குறா, அம்மா கிளம்பிட்டாங்களான்னு. அந்த ஆயா நாலு தடவையும் ஆமா கண்ணு, வந்துட்டே இருக்காங்கன்னு பொய் சொல்லுது. நான் அந்நேரம் ஊசி போட்டுட்டு இருக்கேன்."

மலை மேலே மாமியார் முனகினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மொதல்ல அவ குரல் எவன் கையிலயும் சிக்கக் கூடாதுன்னுதான் இங்க வச்சேன். வச்சதுக்கப்புறம் அழிக்கச் சொல்லி ரெண்டு தடவ கம்பெனிக்கு எழுதினேன். வச்சவங்களே கேட்டாலும் முந்நூறு வருஷத்துக்கு முடியாதுன்னுட்டாங்க."

"நீங்க வராம இருந்திருக்கலாமே."

"எப்படிம்மா? இங்க அவ கேட்டுக்கிட்டே இருக்கா. நான் திண்டுக்கல்ல உக்காந்து டிவி பாக்குறதா? அது இருக்குற வரைக்கும் வந்துதான் ஆகணும். இல்லாமப் போச்சுன்னா வர வேண்டியதில்ல, அவ்வளவுதான். இந்தத் தடவ, போயிருச்சுன்னு கண்ணால பாத்துட்டு அண்ணனுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு தீவின் பிழைப்பையும் எண்ணூறு குடும்பங்களின் நம்பிக்கையையும் காலையில்தான் காவு கொடுத்துவிட்டு வந்திருந்தேன், இந்த அம்மா வேண்டாம் என்று வெட்டச் சொன்ன ஒன்றுக்காக. கேட்டிருக்கலாம். அறிக்கையை அனுப்பும் முன் இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"எத்தனை எடத்துல இருக்கு?" என்றார் வசுமதி.

நான் இன்னாசியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "நாப்பது வீட்டுக்கு மேல இருக்கும்மா. அதுல இருந்து ஒடிச்சு அவுக யாருக்குக் குடுத்தாகளோ."

வசுமதி தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொள்கிற நர்ஸின் தலையாட்டல். நான்கு மணிக்குக் கப்பல் திரும்புகிறதே, அதிலேயே போய்விடுகிறேன் என்றார். மகளின் குரலைக் கேட்டுவிட்டுப் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது அன்றைக்குப் புத்தி வந்திருந்தது.

துறைமுகத்துக்குப் போகிற வழியில்தான் இன்னாசியின் வீடு. வசுமதி வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் கொல்லைக் கொடி தெரியும். குழியை நிறைத்து, கல்சுவரையும் தாண்டி, கறுப்புக் குலைகளோடு படுத்திருந்தது. பக்கத்தில் அந்த ஏழு குச்சிகள். "இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நானும் இன்னாசியும் வாசலிலேயே நின்றோம். கூடப் போக எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

பத்தடி போயிருப்பார். லூர்து அடுக்களைக்குள் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது, நாங்கள் திரும்பிய சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏங்க, அம்மா கிளம்பிட்டாங்களா?"

இன்னாசி திரும்பி வசுமதியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"உங்களத்தேன். அம்மா கிளம்பிட்டாங்களா?"

வசுமதி நின்றார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி, போன வேகத்திலேயே நடந்து வந்து, எங்களைத் தாண்டி, வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"இல்லம்மா," என்றார் அடுக்களையைப் பார்த்து, சத்தமாக. "போகல. இங்கதான் இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கொடியின் பக்கத்தில், கல்சுவரில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லூர்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "சாப்புடாமப் போனா நல்லாருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு குலையை ஒடித்து, தண்ணீரில் அலசி, தட்டில் வைத்துக் கொடுத்தார். வசுமதி ஒரு பழத்தை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இதுலயும் இருக்கா?"

"இருக்கும்மா. தோல்லயும் இருக்கு, சதையிலயும் இருக்கு."

வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, குலை முழுவதையும் சாப்பிட்டார். விதைகளைத் துப்பாமல் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக்கொண்டார். நடுவில் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது, மூன்று தரம். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னாசி என்னைப் பார்த்தார். அடுத்த கப்பல் அடுத்த வியாழக்கிழமைதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

லூர்து கப்பல் போகும் திசையை ஒருமுறை பார்த்தார், உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டார்.